மூணு எழுத்து சொல்லுங்கண்ணே

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் காலை பஸ்ஸில் இருந்தேன். குன்னம் நிறுத்தத்தில் ஏறியவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த கண்டக்டர் என் இருக்கைப் பக்கம் குனிந்தார். "சார், உங்க கூட வர்றவரு... தனபால் சாரு... விடியக்காலைல போயிட்டாராம். இப்ப ஏறுனவங்க சொல்றாங்க." பஸ் அதற்குள் ஊரைத் தாண்டியிருந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான், குன்னத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு எதிர்த்திசையில் போகிறேன் என்று தெரிந்தது.

பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் நானும் தனபாலும் ஒன்பது வருடம் ஒரே கல்லாவுக்குப் பின்னால் நின்றோம். நான் அவரைவிட ஒரு வயது மூத்தவன். அதனால் எனக்கு அவர் தனபாலு, அவருக்கு நான் அண்ணன். கடைக்கு வந்து போன உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஸ்டூலில் உட்காராமல், கையில் ஒரு மாத்திரை அட்டையைத் தட்டிக்கொண்டே அலமாரிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பாரே, அவர்தான். மருந்து கொடுக்கிறாரா, எதையாவது தொலைத்துவிட்டுத் தேடுகிறாரா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. தேடிக்கொண்டுதான் இருந்தார். ஆங்கிலத்தில் நீளமான ஒரு சொல்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும், "மூணு எழுத்து சொல்லுங்கண்ணே" என்பார். மறுநாள் நான் கேட்பேன், அவர் சொல்வார். அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற நீளமான ஆங்கிலச் சொல்லைச் சாயங்காலத்துக்குள் இருவரும் கண்டுபிடிக்க வேண்டும். யாருடையது குட்டையோ, அவர் மறுநாள் முழுக்கப் பரணுக்கு ஏணி ஏறி குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை இறக்க வேண்டும். ஒருநாள் எம், எஃப், டி என்று வந்தது. மதியத்துக்குள் நான் 'கம்ஃபர்டபிள்' பிடித்துவிட்டேன். பதினோரு எழுத்து. தனபால் அதை ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். "முன்னாடி எடம் சும்மாத்தானே கெடக்குது" என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தார். 'அன்கம்ஃபர்டபிள்.' ஏணியில் நான்தான் ஏறினேன்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருமுறை பஸ்ஸில் கேட்டேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர், மருந்தாளுநர் படிப்பு வகுப்பில் ஒரு மருந்தின் பெயரை எழுந்து நின்று வாசிக்க முடியாமல் திணறியிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. "அன்னிக்கு ராத்திரி அந்தப் பேரைத் துண்டு துண்டாப் பிச்சுப் போட்டேண்ணே. நீளமா இருக்குதேன்னுதான் பயம். பிச்சுட்டா எல்லாம் சின்னப் பசங்கதான்." சொல்லும்போது சிரித்தார். ஆனால் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

சிறுவாச்சூரிலிருந்து லாரி ஓட்டுகிற ஒருவர் மழையில் நனைந்து வந்த நாளை நான் மறக்க மாட்டேன். மனைவிக்குச் சிறுநீர் எரிச்சல். புதிதாகப் பார்த்த டாக்டரின் சீட்டு கையில். மாத்திரையை எடுத்துவிட்டு, எல்லாரிடமும் கேட்பதைத் தனபால் அவரிடமும் கேட்டார். "ஏதாச்சும் மருந்து ஒத்துக்காமப் போயிருக்குங்களா?"

"ஆமாங்க, ஒருவாட்டி அவளுக்கு ஒடம்பெல்லாம் கொப்புளமாகி, பொழச்சதே பெருசு. எந்த மருந்துன்னு எழுதிக் குடுத்தாங்க. டாக்டர்கிட்ட சொல்ல மறந்துட்டோம்" என்று பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மை கரைந்து ஓடியிருந்தது. நீளமான ஒரு பெயரில் எல், எம், எக்ஸ், இசட் மட்டும் தெரிந்தன.

தனபால் நடக்க ஆரம்பித்தார். அலமாரிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அலமாரிக்கும். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "வேற கடையில பாத்துக்கறேங்க" என்று லாரிக்காரர் சீட்டுக்குக் கை நீட்டினார். தனபால் கொடுக்கவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். சட்டென்று நின்றார். "சல்ஃபாமெதாக்சசோல். பதினாறு எழுத்து." எடுத்து வைத்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தை என்னிடம் காட்டினார். மேலே கம்பெனி வைத்த பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து அதுதான். டாக்டருக்குப் போன் செய்து சொன்னதும் அவர் உடனே மருந்தை மாற்றினார். லாரிக்காரர் போன பிறகுதான் பார்த்தேன், தனபாலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தெரியாமக் குடுத்திருந்தா என்னண்ணே ஆயிருக்கும்?" என்று கடை சாத்தும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்படிப்பட்டவரை நான் ஏமாற்றினேன். இதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எழுத்துகளைப் போட்டால் சொற்களை வரிசையாகக் கொட்டுகிற ஒரு இணையதளம் போனில் கிடைத்தது. மூன்று வாரம் நானே ஜெயித்தேன். ஒருநாள் இருபத்திரண்டு எழுத்தில் ஒரு சொல்லைச் சொன்னேன். அதை எப்படி உச்சரிப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அர்த்தம் என்னண்ணே?" என்றார். "ஏதோ பூச்சி" என்றேன். தலையாட்டினார். மறுநாள் ஏணி ஏறினார். இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது. பெட்டி மேல் கையூன்றி நின்றார். எனக்குத் தாங்கவில்லை. போனைக் காட்டிவிட்டேன்.

"தெரியும்ணே. மொத நாளே தெரியும்."

"பின்ன ஏன்யா ஏறுன?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவ்வளவுதான். மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் வழக்கம்போல மூன்று எழுத்து கேட்டார். அடுத்த மாதம் திருச்சி ஆஸ்பத்திரியில் அவருக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். அந்த மூன்று வாரத்துக்கும் அடைப்புக்கும் தொடர்பில்லை, அது பல வருடமாக வளர்ந்தது என்று டாக்டரே என்னிடம் சொன்னார். நம்புகிறேன். ஆனாலும் கடையில் அந்த ஏணியை நாளுக்கு நாலு முறை இடம் மாற்றி வைக்கிறேன்.

அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் ஆடவில்லை. நடக்கிற தனபாலை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அந்த அசையாத கால் பயமாக இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "மூணு எழுத்து சொல்லட்டுமா?" என்றேன்.

"இன்னிக்கி வேணாம்ணே. சும்மா பேசிட்டிருங்க."

ஒன்பது வருடத்தில் நாங்கள் சும்மா பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மழையைப் பற்றி ஒரு வார்த்தை, வெங்காய விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து, "பஸ் வந்துரும் தனபாலு" என்றேன்.

"அரை மணி நேரத்துல இன்னொன்னு வருமேண்ணே."

வரும் என்று எனக்கும் தெரியும். போய்விட்டேன்.

அவரிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், சொற்களைச் சொல்ல மாட்டேன். அவை அவரோடு போய்விட்டன. என்னிடம் இருப்பது, அவர் கேட்டு நான் கொடுக்காத அந்த அரை மணி நேரம். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் இப்போது கடைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.