கத்துகிறவனுக்கே முதல் தவணை

இஸ்திரி போடுகிறவள் ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அவள் மாமியாருக்கு, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸான நான் முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். கிரெடிட் கார்டு வசூல்காரன் மறுபடி போன் செய்து, அவள் புருஷனை வாய்க்கு வந்தபடி ஏசினான்.

"இந்த மாசமும் கார்டுக்கே கட்டிடலாம். இவன் வாயை முதல்ல அடைக்கணும்," என்றான் லாரி ஓட்டும் புருஷன்.

"வீட்டுக் கடன்ல ரெண்டு தவணை நிக்குது. இதுவும் நின்னா நோட்டீஸ்தான்னு பேங்க்ல சொன்னாங்கல்ல?" என்றாள் அவள்.

"அவங்க போன்கூடப் பண்றதில்லையேடி!"

"அழுத பிள்ளைக்குத்தான் பாலா? அழாத பிள்ளை சாகட்டுமா? கார்டுக்காரன் கத்திட்டுப் போவான். பேங்க்காரன் கத்தாமலே வந்து பூட்டிட்டுப் போவான். அப்புறம் உங்கம்மாவை எங்கே படுக்க வைப்பீங்க, லாரியிலயா?"

மாமியார் கோணிய வாயால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அலறுகிற நோயாளிக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் அடங்கியவரிடம்தான் முதலில் ஓடுவோம். இல்லாதவர்கள் அப்படிச் சத்தமில்லாத ஆபத்தை முதலில் பார்க்க ஓடாமல் தடுக்கத்தான் இந்த வசூல்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அலறுகிறார்கள். கிழவியின் கூரை போனாலும் தங்கள் பணம் வந்தால் போதும்.

மறுநாள் காலை அவள் தேய்த்த துணிகளைக் கொடுத்து, வாங்கிய கூலியையும் சேர்த்து வங்கியில் வீட்டுத் தவணையைக் கட்டினாள். வங்கி வாசலிலேயே அவள் போன் அடித்தது; அந்தக் கார்டு வசூல்காரன்தான்.

"அடுத்த மாசம் முடிஞ்சதைத் தர்றேன். அதுவரைக்கும் கத்துங்க. கத்துறதுக்குத் தனி வட்டி தர மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுத் துணி மூட்டையை எடுக்கப் போனாள்.