சருகின்மேல் விரித்த தாள்

இன்று காலை மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்தில் நனைந்த சருகின் வாடை வந்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நினைவு கண் மூக்கு வைத்துக் கதை சொல்லும். ஆதலால் அம்மா உயிரோடிருந்தபோது அவரிடம் கேட்டு உறுதிசெய்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் ஓர் இலையுதிர் காலம். அந்த நிலையத்தருகே இப்போது மாடிவீடுகள் நிற்குமிடத்தில் அன்று எங்கள் பாலர் பள்ளியும் ஓக் மரங்களும் இருந்தன. பிள்ளைகள் சருகு பொறுக்கிச் சாயம் பூசி, அதன்மேல் வெள்ளைத் தாளை விரித்து, இலை நரம்புகள் பதியும்படி வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நொறுங்கும் ஓசையும் சிரிப்பும் ஓயாத அந்தப் புல்தரையில் நான் மட்டும் சப்பாத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத் தவித்தேன். தாள் சரஸ்வதி, அதில் கால் படலாகாது. மிதிக்காவிட்டாலோ, வகுப்புச் சுவரில் என் பெயருக்கு மேலே மட்டும் படம் இராது.

என்னை அழைத்துப்போக வந்த அம்மாவிடம், பிள்ளை குளிருக்கு அஞ்சுகிறாள் என்றார் ஆசிரியை. அம்மாவுக்குக் காரணம் விளங்கிவிட்டது.

"மிதியன், பிள்ளை. ஒண்டும் செய்யாது" என்றார் என்னிடம்.

"அப்ப நீங்களும் மிதியுங்கோ."

அம்மா செருப்பைக் கழற்றி, சேலையைச் சற்று உயர்த்தி, என் கையைப் பிடித்தபடி தாளில் ஏறினார். இறங்கியதும் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவும் விளையாட்டின் பகுதியென்று எண்ணிய பிள்ளைகள் தத்தம் தாளைச் சாயக் கையால் தொட்டு, இமையெல்லாம் சாயமாக ஒற்றிக்கொண்டார்கள்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார், வீதிக்கு வந்ததும்.

அவர் எனக்காக மிதித்தாரா, ஆசிரியையின்முன் கூச்சப்பட்டு மிதித்தாரா என்பது எனக்குத் தெரியாது.