பூஜைத் தட்டில் விட்ட படகுத் தக்கை

ஏரி மீன் குத்தகைக்காக நாங்கள் வாங்கிய மோட்டார் படகை ஓட்டுவது நான்தான். என் கணவர் வலையைப் பார்த்துக்கொள்வார்.

ஆயுத பூஜையன்று படகைக் கழுவி, தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்கத் துளையின் ரப்பர் தக்கையைக் கழற்றினேன். ஸ்பேனரோடு அதற்கும் பொட்டிட்டுப் பூஜைத் தட்டில் வைத்தேன். விஜயதசமி காலையில், மாலை போட்ட படகை ஏரியில் இறக்கினோம்.

நடு ஏரியில் கணவர் கத்தினார்: "இன்னாம்மா, காலு நனையுது! மோட்டார நிறுத்து!"

தக்கை இன்னும் சாமி முன்னால் இருப்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் நிறுத்தினால் மூழ்கிவிடுவோம்.

"கெட்டியா புடிச்சிக்கினு கம்முனு உக்காருங்க!" என்று சொல்லி மோட்டாரை முழு வேகத்துக்கு முறுக்கினேன். படகின் முன்பக்கம் எழும்பியது. உள்ளே வந்த தண்ணீர் பின்னால் சரிந்து, வந்த துளை வழியாகவே வெளியேறியது. அதே வேகத்தில் கரை மணலில் ஏற்றி நிறுத்தினேன்.

"என் பொண்டாட்டி மாதிரி படகு ஓட்ட ஆளே இல்லப்பா" என்று அவர் எங்கள் ஊர் செவிலிமேடு முழுக்கச் சொல்லிவிட்டார். தக்கையை மறந்தது யாரென்று மட்டும் சொல்லவில்லை. அதை நானே இங்கே எழுதிவிட்டேன்.

இப்போதும் தக்கைக்குப் பொட்டு உண்டு. துளையில் இறுக்கிய பிறகு, குனிந்து வைக்கிறேன்.