வெள்ளைப் பூ வந்த பிறகு

எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு என்னைத் தலைவியாக்கியபோது எல்லாருக்கும் சந்தோசம். வேறு ஒருவரும் அந்தப் பதவிக்கு முன்வரவில்லை என்பதுதான் காரணம். மாலை போட்டவர்களே அடுத்த நாள் காலை முறைப்பாட்டோடு வாசலில் நின்றார்கள்.

இந்த முறை சிறுபோகம் தொடங்கும்போது குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. முழு வயலும் விதைத்தால், வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்களின் நெல் கதிர் வரும் நேரத்தில் கருகிவிடும். மற்ற வழி, பங்கு. மதகுக்குக் கிட்ட இருக்கும் வயல்களை மட்டும் விதைத்து, அந்த நிலத்தை அந்த ஒரு போகத்துக்கு எல்லாரும் பிரித்துக்கொள்வது. கிட்ட வயல் வைத்திருப்பவர்களுக்கு அது வேப்பங்காய். அவர்களில் நாங்களும் அடக்கம்.

முடிவை முல்லைத்தீவு நீர்ப்பாசனக் கந்தோரில் போய் அதிகாரிகளிடம் சொல்லவேண்டியவள் நான். அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போவேன், தண்ணீரைப் பார்ப்பேன், கட்டடியில் கோயில் கொண்டிருக்கும் பிள்ளையாரிடம் "வழி காட்டப்பா" என்பேன். வீட்டுக்கு வந்து உலையை வைத்துவிட்டு மறுபடியும் ஓடுவேன்.

"உம்மட கரைச்சல் தாங்கேலாமல் பிள்ளையார் எழும்பி ஓடப்போறார்" என்றார் கணவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நாலு பேருக்குத் தலைமை தாங்குகிறவர் முதலில் கடவுளிடம் கேட்கவேண்டும் என்று நம்புகிறவள் நான். கேட்காமல் முடிவெடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம். ஆனால் கேட்டுவிட்டு எப்படிப் பொறுமையாக இருப்பது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கூட்டத்தில் இரண்டு பக்கமும் கத்தி ஓய்ந்தபின், "பூக் கட்டிப் பாப்பம்" என்றார்கள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பழி என் தலையில் விழாது. வெள்ளை வந்தால் முழு வயல், சிவப்பு வந்தால் பங்கு. கோயில் ஐயர் நந்தியாவட்டையையும் செவ்வரத்தையையும் வாழையிலைத் துண்டுகளில் ஒன்றுபோலச் சுற்றிப் பிள்ளையாரின் காலடியில் போட்டார்.

"தலைவர்தானே, நீங்களே எடுங்கோ" என்றார்.

ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

மதகடி வயல்காரர் "அரோகரா" என்று கோயில் அதிரக் கத்தினார்கள். கடைசி வாய்க்கால்காரர் ஒவ்வொருவராக எழும்பி வெளியே நடந்தார்கள். சாமி வாக்கு வந்தபிறகு என்னத்தைப் பேசுவது? அவர்களில் ஒரு அக்கா மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்ப எங்களுக்கு இந்த முறையும் வைக்கல்தான்" என்றார். அதை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் நிச்சயம். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று பின்னேரம் மறுபடி குளக்கட்டுக்குப் போனேன். போன வருடம் தோணி விட்ட இடத்தில் மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. பூவைக் காட்டியவர்தான் இதையும் காட்டுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதை நம்பினேனா என்றால், பாதிதான் நம்பினேன்.

மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டு, "தண்ணி காணாது. பங்குதான் எண்டு சொல்லப்போறன்" என்றேன்.

மதகடிப் பெரியவர் ஒருவர் எழும்பினார். "சாமி வாக்கையே மீறப்போறீரோ, தங்கச்சி?"

"பிள்ளையாருக்கு நான் பதில் சொல்லுறன் அண்ணை. கடைசி வாய்க்காலுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

குரல் பெரிதாகத்தான் வந்தது. அந்தத் துணிவு போவதற்குள் அன்றே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெரியவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. கணவரும் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. எங்கள் நிலத்தில் ஒரு துண்டு இப்போது அந்த அக்காவின் பங்கு.

பயிர் இன்னும் குடலைக்கு வரவில்லை, கதிர் தள்ள நாள் இருக்கிறது. நேற்று அக்காவின் துண்டில் ஒரு மூலை மஞ்சளித்திருந்தது.

"உரம் காணாது, வேற ஒண்டுமில்லை" என்றார் கணவர்.

நான் அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்கவில்லை. சேற்றுக் காலோடு பிள்ளையாரடிக்கு ஓடினேன். வழி கேட்க அல்ல.

"நான் செய்தது பிழையெண்டால் என்னைத் தண்டியப்பா" என்றேன். "அவவின்ர பயிரிலை கை வைச்சிடாதை."