திறந்து கிடந்த பானட்

எஞ்சினைக் கழுவுமுன் இலாரியா தார்க்கி தன் வண்டியின் ஆல்டர்னேட்டர்மேல் ஒரு பால் பையைக் கவிழ்த்து, அதன் கழுத்தை ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபியூஸ் பெட்டிக்கு ரொட்டிப் பை. காற்று இழுக்கும் குழாய்க்கும், பிளக்குகளின் தலையில் உட்கார்ந்திருக்கும் காயில்களுக்கும் வேறு பைகள். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலிலேயே கழற்றி ஓரமாக ஒதுக்கியாயிற்று. எஞ்சின் முந்தின நாள் மதியத்திலிருந்து ஓடவில்லை. தொட்டால் கல்போல் குளிர்ந்திருந்தது. சூடான எஞ்சினில் தண்ணீர் விடுகிறவனை அவள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வருடக் கார்னிவலில் வண்டிக்குப் படையலாக ஊற்றிய பீர் பாகாக இறுகிப்போய், அதில் வண்ணக் காகிதப் பொட்டுகள் ஒட்டிக் கிடந்தன. அதன்மேல் எல் ஆல்ட்டோ நகரத்துத் தூசி ஒரு விரல்கடை. சோப்பு நீரைத் தெளித்து, ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். குழாயைத் திருப்பிப் பீய்ச்சவில்லை. படுத்த நோயாளியைக் குளிப்பாட்டுவதுபோலத்தான்: ஒரு பகுதி நனை, துடை, மூடு, அடுத்ததற்குப் போ.

அந்த வேலை அவளுக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். மலைக்குக் கீழே லா பாஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வார்டு உதவியாளாக இருந்தாள். புருஷன் பான்ஃபிலோ இறந்தபோது இந்த வண்டி வாசலில் நின்றது. ஓட்ட வா என்று கூப்பிட்டால் சொந்தக்காரர் எல்லோருக்கும் அன்றைக்கு முதுகுவலி. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு மாதத்தில், தானே கற்றுக்கொண்டாள். இப்போது திங்கள், புதன், வெள்ளி விடியற்காலையில் மூன்று பேரை டயாலிசிஸுக்கு மலையிறக்கி அழைத்துப் போகிறாள்.

கார்னிவல் திருவிழா என்று நேற்று, திங்களன்று, டயாலிசிஸ் இயந்திரங்களை மூடிவிட்டார்கள். கலிஸ்டோ என்ற பழைய சுரங்கத் தொழிலாளிக்கு வெள்ளிக்குப் பிறகு ரத்தம் சுத்தமாகவில்லை. காலையில் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி எழும்பவே இல்லை. நாளை புதன் தவறக்கூடாது. கார்னிவல் குடிக்குப் பிறகு அன்று விடியலில் ஊரில் ஒரு ஓட்டுநரும் நேராக நிற்க மாட்டான். கேபிள் கார் நிலையம்வரை நடக்க கலிஸ்டோவால் முடியாது.

உறைகளைக் கழற்றி, உள்ளே கசிந்திருந்த ஈரத்தையும் துடைத்து, பேட்டரிக் கம்பியைத் திரும்ப மாட்டி, பானட்டைத் திறந்தபடியே வெயிலில் காயவிட்டாள். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்து வழியும் வாசனை வந்தது. உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது, மினிபஸ் ஓட்டும் கொழுந்தன் ஃபோர்த்துனாத்தோ வண்டிக்கு முன்னால் நின்றான். கழுத்தில் காகித நாடா மாலை, தலையெல்லாம் வண்ணப் பொட்டு. இரண்டாவது பீர் பாட்டிலின் கடைசிச் சொட்டு எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாச்சமாமா, பூமித்தாயே, குடி! என் அண்ணன் வண்டி இது, தாகத்தோட நிக்குது பாரு!"

"ஃபோர்த்துனாத்தோ, பாட்டில கீழ வை."

"காலிதான் அண்ணி. உங்களுக்கு வேணும்னா வேற இருக்கு."

"நாலு சக்கரத்துக்கும் ஊத்து, மண்ணுக்கு ஊத்து, யாரு வேணாம்னா? எஞ்சினுக்குள்ள எவன் ஊத்தச் சொன்னான் உன்ன?"

"நீங்கதான்! சல்லா செவ்வாயன்னைக்கு பானட்ட தொறந்து போட்டா என்ன அர்த்தம்? ஊத்துங்கன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம இந்த ஊர்ல எப்படிக் குப்ப கொட்டினீங்க?"

அதில் அவளால் மறுக்க முடியாத நியாயம் இருந்தது. வீட்டுக்கும் வண்டிக்கும் பீர் ஊற்றிப் பூமித்தாய்க்குப் படைக்கும் இந்தச் சல்லா நாளில் திறந்த கதவும் திறந்த பானட்டும் அழைப்புதான். வண்டி சும்மா நிற்கும் நாள், நல்ல வெயில் என்று மட்டும் கணக்குப் போட்டவள் அதை மறந்துவிட்டாள். தன் தவறு என்பது அவளுடைய கோபத்தை இரட்டிப்பாக்கியது.

"காலைல மூணு நோயாளிய ஏத்தணும். வண்டி கிளம்பலன்னா கலிஸ்டோவ உன் முதுகுல ஏத்தி விடுவேன்."

"ஆஸ்பத்திரில பீத்தட்டு கழுவின கைக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்? எங்க அண்ணன் இருந்தவரைக்கும் வருஷா வருஷம் ஊத்தினோம். ஒருநாள் நின்னுச்சா இது?"

"உங்கண்ணன் தட்டையும் இந்தக் கைதான்டா கழுவுச்சு. கடைசி ஏழு மாசம். நீ எட்டிப் பாத்தியா?"

"மூதேவி வாயி," என்று துப்பிவிட்டு, கடைசிக் கைப்பிடி வண்ணப் பொட்டை வேண்டுமென்றே எஞ்சின்மேல் வீசிவிட்டுப் போனான். சாப்பிடச் சொல்லி அவள் கூப்பிடவில்லை.

மறுபடி பேட்டரிக் கம்பியைக் கழற்றினாள். காயில்களை உருவினாள். நான்கு பிளக் குழிகளிலும் பீர் தேங்கி நின்றது. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தாள். துணி சுற்றிய குச்சியால் ஒற்றினாள். வெந்நீர்த் துணியால் பிசுக்கைத் துடைத்தாள். ஒரு காயிலின் அடி ரப்பர் விண்டிருந்தது. மாற்று வாங்க எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. வெயில் இறங்கும்வரை காயவைத்து மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது, நொண்டியது, நின்றது. பிறகு பிடிக்கவே இல்லை. பேட்டரி இறங்குவதற்குள் விட்டுவிட்டாள்.

காலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். முனகல் மட்டும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஃபோர்த்துனாத்தோ வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் பெண்டாட்டி செபெரினா போர்வையோடு வந்து திறந்தாள்.

"அவரு எந்திரிக்க மாட்டாரு அக்கா. செருப்போட விழுந்து கிடக்காரு."

"அவன் எதுக்கு? அவன் மினிபஸ் சாவி எங்க?"

"கேக்காம குடுத்தா என்னைக் கொன்னுருவாரு."

"எம்மேல போடு. பிடுங்கிட்டுப் போயிட்டாள்னு சொல்லு. நெசமாவும் பிடுங்கிக்கறேன், குடு."

செபெரினா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். சாவி ஏற்கெனவே அந்தக் கையில் இருந்தது.

இலாரியா முன்கண்ணாடியைத் துடைத்தாள், எண்ணெய் அளவு பார்த்தாள், கிளப்பினாள். மற்ற இருவரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாகக் கலிஸ்டோவின் வீட்டுக்குப் போனாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தபோது அவருக்கு மூச்சு இழுத்தது.

"யாரு வண்டி இது?"

"பேசாதீங்க ஐயா. மூச்சை மிச்சம் பிடிங்க."

ஆறேகாலுக்கு மருத்துவமனையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வெள்ளியிலிருந்து ஐந்து நாள் என்று செவிலியிடம் சொன்னாள். அவரை முதல் இயந்திரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏழு மணிக்கு ஃபோர்த்துனாத்தோவின் அழைப்பு வந்தது. மினிபஸ்ஸின் முதல் நடைக்கான முறை போய்விட்டதாம், திருடியாம், போலீஸாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நாலு மணி நேரம் ஓடும் இயந்திரம்," என்றாள். "பதினோரு மணிக்கு மேல வா. வரும்போது ஒரு காயில் வாங்கிட்டு வா."