பனிக்குள் கேட்ட பெயர்

எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பா சிங்காநல்லூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர், கறுப்புச் சட்டைக்காரர். அவர் கல்யாணமே ஐயர் இல்லாமல் நடந்ததுதான். அம்மா மட்டும் எப்போதாவது பக்கத்து வீட்டு அக்காவுடன் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவாள். நான் அப்பாவைப் போலவே வளர்ந்தேன். பதினெட்டு வயதில் ராணுவத்தில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தபோதும் அது மாறவில்லை.

ராணுவத்தில் சாமி இல்லாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யூனிட் கோயிலில் எல்லோரும் கூட வேண்டும். அதுவும் ஒரு பரேடுதான், வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. நான் கடைசி வரிசையில் நின்று கை தட்டுவேன், பஜனைக்கு வாயை அசைப்பேன். வடக்கே மலைப்பாதையில் வண்டி ஓட்டும் இடத்துக்கு மாற்றல் ஆனபோது இன்னும் சிரமமாகிவிட்டது. அங்கே எலுமிச்சம்பழம் கட்டாமல் ஓடிய ஒரே லாரி என்னுடையது. எனக்குத் துணை ஓட்டுநராக வந்தவன் மேட்டுப்பாளையத்துக்காரன், பாக்குத் தோட்டக் குடும்பம், என் வயதுதான். மருதமலை முருகன் என்றால் அவனுக்கு உயிர். வண்டி கிளம்பும் முன்பு டாஷ்போர்டில் விபூதி பூசுவான். நான் துடைப்பேன். அடுத்த வளைவில் மறுபடி பூசுவான்.

"உனக்காகப் பூசலை மாப்ள, வண்டிக்குப் பூசறேன்" என்பான்.

அந்த ஜனவரியில் ஒருநாள் மேலே இருந்த காவல் சாவடிக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். மேலே எங்கோ ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் "என்னடா அது?" என்று குனிந்து மேலே பார்த்தான். அவ்வளவுதான். பனி மொத்தமாக வந்து லாரியைப் பாதையிலிருந்து தள்ளிவிட்டது. எத்தனை முறை உருண்டோம் என்று தெரியாது. கடைசியில் வண்டி என் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஸ்டியரிங் என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. அவன் என்மேல் கிடந்தான். கண்ணாடி உடைந்து பனி உள்ளே நிறைந்திருந்தது. நடுப்பகலில் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை.

சாகப்போகிறோம் என்று தெரிந்தது. ஆனால் சாவைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. முந்தின நாள் மனைவி போனில் சொன்ன கிணற்று மோட்டார் விஷயம்தான் தோன்றியது. காயில் கம்பி எரிந்துவிட்டது, யாரிடம் கொடுத்துச் சுற்றுவது என்று கேட்டிருந்தாள். அதற்கு நான் பதில் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"முருகா... முருகா..."

பக்கத்தில்தான். காதோடு ஒட்டி. அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு தெம்பு வந்தது. கத்துடா, நல்லாக் கத்து என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு எனக்கு நினைவு தப்பிவிட்டது.

கண் விழித்தது ராணுவ மருத்துவமனையில். எனக்கு விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. அவனுக்குத் தாடை உடைந்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. எது வேண்டுமென்றாலும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவான். நான் எழுந்து அவன் கட்டிலுக்குப் போன அன்று அவன் எழுதிய முதல் வரி இதுதான்: 'நீ கூப்பிட்டதாலதான் பொழச்சேன்.'

"நானா? எதைக் கூப்பிட்டேன்?"

'முருகான்னு. பத்துத் தடவைக்கு மேல.'

"டேய், கூப்பிட்டது நீ. நான் காதால கேட்டேன்."

அவன் தாடையைத் தொட்டுக் காட்டினான். முதல் அடியிலேயே டாஷ்போர்டில் மோதித் தாடை போய்விட்டது, வாய் நிறைய ரத்தம், எப்படிக் கூப்பிடுவேன் என்று எழுதினான். பிறகு இன்னொரு வரி எழுதினான். அந்த எழுத்து இப்போதும் கண்ணில் நிற்கிறது. 'எனக்குப் பேரே வரலை மாப்ள. நெனச்சு நெனச்சுப் பாத்தேன். சாமி பேரே வரலை.'

அதை எழுதிவிட்டு அழுதான். கம்பி கட்டிய வாயோடு அழுவதைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். தாடை உடைந்த ஆள் கத்த முடியுமா என்று. வலியில் என்ன சத்தம் வேண்டுமானாலும் வரும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லை இறுகக் கடித்தபடி 'முருகா' என்று சொல்லிப் பார்த்தேன். வந்தது. சரி, அவன்தான் என்று நிம்மதியாக வெளியே வரப் போனேன். ஆனால் சுவரில் பட்டு வந்த அந்தக் குரல் பனிக்குள் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. அது என் குரல்.

அதற்குப் பிறகும் இருவரும் சில வருடங்கள் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினோம். நான் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறேன். அவன் பாக்கு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான். விசேஷங்களில் எல்லாம் அவன் இந்தக் கதையைச் சொல்வான். மருதமலையில் அவன் பையனுக்குக் காது குத்தியபோது என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போய்ச் சொந்தக்காரர்கள் நடுவில் நிறுத்தினான்.

"இவன் கூப்பிட்டானுங்க, அவர் வந்தாருங்க" என்றான்.

அவனுடைய அத்தை ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி இல்லீங்கறவரு வாயிலயே சாமி வந்திருக்குதுங்க" என்றார். நான் மறுத்திருக்கலாம். அந்தம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க வாய் வரவில்லை. சும்மா சிரித்தேன். படி இறங்கும்போது, மறுக்காததால் பொய் சொன்னேனா, மறுத்திருந்தால்தான் பொய்யா என்று ஒன்றும் புரியவில்லை.

யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். "நெசமா?" என்று கேட்டார்.

"தெரியலைங்கப்பா."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "ரொம்பப் பயந்துட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பேப்பரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு போன் வந்தது. எங்களைப் பனியிலிருந்து தோண்டி எடுத்த குழுவில் இருந்த ஹவில்தார். உத்தராகண்ட் மலைக்கிராமத்துக்காரர். அண்ணன் மகனைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்க்க வந்திருப்பதாகவும் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருப்பதாகவும் சொன்னார். ஓடினேன். மூத்தவர்களை அங்கே 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுவோம். "உஸ்தாத்" என்று காலைத் தொடக் குனிந்தவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்.

லாட்ஜுக்குக் கீழே இருந்த கடையில் டீ சொன்னோம். அவர் டம்ளரை இடது கையால் எடுத்தார். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அன்றைக்குப் போனதுதான். பனி தின்றுவிட்டது" என்றார்.

எனக்குத் தெரியாது. எங்களைக் கீழே அனுப்பிய பிறகு நடந்தது எதையும் யாரும் சொன்னதில்லை. அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, பல வருடமாகக் கேட்கக் காத்திருந்தவர் போல இந்தியில் கேட்டார்.

"அந்த மூன்றாவது ஆள் என்ன ஆனார் தம்பி? முருகா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. தோண்டும்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் இந்தப் பெயரைக் கூப்பிடுவதை அவர் கேட்டிருக்கிறார். அவருடைய பழைய யூனிட்டில் முருகன் என்று ஒரு தமிழ்ச் சமையல்காரர் இருந்திருக்கிறார். அதனால் லாரியில் இன்னொருவன் இருக்கிறான், பக்கத்தில் உள்ளவன் அவனைத் தேடிக் கூப்பிடுகிறான் என்று நினைத்துவிட்டார். வழியில் யாராவது கைகாட்டி ஏறிக்கொள்வது அங்கே வழக்கம்தான். வயர்லெஸ் வேலை செய்யவில்லை. எங்கள் இரண்டு பேரையும் எடுத்து அனுப்பிய பிறகு, மூன்றாவது ஆளுக்காக மேலும் ஒரு மணி நேரம் தோண்டியிருக்கிறார். கையுறை நனைந்து கிழிந்து, வெறும் கையால்.

"லாரியில் இருந்தது இரண்டு பேர்தான் என்று பிறகு அதிகாரி சொன்னார். ஆனால் நான் என் காதால் கேட்டேனே. விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று இன்னும் இருக்கிறது."

"உஸ்தாத், முருகன் ஆள் இல்லை. எங்கள் ஊரில் சாமி. நீங்கள் கார்த்திகேயன் என்பீர்களே, அவர்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பேருந்து நிலையத்தில் நடத்துனர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்படியென்றால் அங்கே யாரும் இல்லையா?"

வாழ்நாள் முழுக்க நான் சொல்லிவந்த பதில் அதுதான். யாரும் இல்லை. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "நாங்கள் இரண்டு பேர்தான் உஸ்தாத்" என்றேன். அது பதிலா என்று எனக்கே சந்தேகம். அந்தக் குரல் யாருடையது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டேன். பனிக்குள் ஏது பக்கம் என்றார். அருகில் வந்தபோது இருவர் வாயும் மூடியிருந்ததாம்.

இதை நண்பனிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போனேன். வாசலில் பாக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கை நின்றுவிட்டது.

"எத்தனை விரலு?"

"ரெண்டு. நுனி மட்டும்."

"நம்மள எடுத்ததுக்கு அப்புறமா?"

"ஆமா. ஒரு மணி நேரம் தோண்டியிருக்கறாரு."

அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். டீ ஆடை கட்டியது. அவன் பாக்குக் குவியலைப் பார்த்தபடி சொன்னான், "மாப்ள, கூப்பிட்டது நானாக்கூட இருக்கலாம்."

"இல்லடா. நானாத்தான் இருக்கும்."

யோசிக்காமல் வந்துவிட்டது. இத்தனை வருடம் நீ நீ என்று தள்ளிக்கொண்டிருந்தோம். இப்போது அவன் "உனக்கெதுக்குடா அந்தப் பாவம், நீ நம்பாதவன்" என்கிறான். "உனக்குத்தான் தாடை உடஞ்சிருந்துச்சே" என்று நான் வாதாடுகிறேன். அவன் உண்மையைச் சொல்கிறானா, எனக்காகச் சொல்கிறானா என்று தெரியவில்லை. நான் எதற்குச் சொன்னேன் என்பதும் தெரியவில்லை.

அவன் என் போனை வாங்கி உஸ்தாத்தை அழைத்தான். அவனுடைய இந்தி பாதி மறந்துபோயிருந்தது. மன்னிச்சுக்கோங்க என்பதையே நான்கு விதமாகச் சொன்னான். அவரோ இவனுடைய தாடை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு அவர் நீளமாக ஏதோ சொல்ல, இவன் "ம்... ம்..." என்று கேட்டான். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"செத்துப்போன அந்த மூணாவது ஆளுக்காக வருசா வருசம் அதே நாள்ல அவங்க ஊர்க் கோயில்ல வெளக்கு ஏத்துறாராமா. யாரும் சாகலைன்னு இப்பத்தான் தெரியுது, இனி ஏத்தட்டுமா வேண்டாமான்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

சாமி உள்ளவன் சாமி இல்லாதவனிடம் கேட்கிறான்.

"ஏத்தச் சொல்லு" என்றேன்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அப்படியே சொல்லிவிட்டுப் போனை வைத்தான். ஆறிப்போன டீயை இருவரும் குடித்தோம். அதற்குப் பிறகு விசேஷங்களில் அவன் அந்தக் கதையைச் சொல்வதில்லை. நடுவில் ஒரு ஜனவரி வந்து போய்விட்டது. உஸ்தாத் விளக்கு ஏற்றினாரா என்று நாங்கள் கேட்கவில்லை.