எலிஜிபிள் என்ற சொல்லும் எங்கள் இரண்டு அடுப்பும்

தாராவியில் எங்கள் வீடு மாடியில். கீழே வாப்பாவின் அண்ணன், பெரிய வாப்பா குடும்பம். நடுவில் ஓர் இரும்பு ஏணி. வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த மறுவருஷமே உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வாய்த்தகராறு முற்றி அடுப்பு இரண்டானது. ஆறு வருஷமாக மேலும் கீழும் பேச்சில்லை. ஆனால் வெளியாள் யாராவது வந்துவிட்டால் நாங்கள் ஒரே குடும்பம். வீட்டுக் கதை சந்தி சிரிக்கக்கூடாது என்பது எங்கள் ஊர்க்காரர்களின் மானம். அந்த மானத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

குடிசைகளை இடித்துக் கட்டிடம் கட்டப்போவதாகச் சொல்லிக் கணக்கெடுக்க வந்தார்கள். ஏணிக்கடியில் நின்று ஒருவர் இந்தியில் கேட்டார்: மேலே இருப்பது தனிக் குடும்பமா, சமையல் தனியா? உம்மா என் கையைக் கிள்ளினாள்.

“ஒத்த அடுப்புன்னே சொல்லுளா. அசலான் முன்னால குடும்பத்த ரெண்டாக்காத.”

மேலே எங்கள் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. நான் ஒன்றுதான் என்றேன். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

சில மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பெரிய வாப்பா பெயருக்கு நேரே எலிஜிபிள் என்று இருந்தது. எங்கள் பெயரே இல்லை.

ஆபீசில் டைப் அடிக்கிற எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. தகுதி என்று நினைத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் டப்பாவைத் திறக்காமல் அகராதியைப் பார்த்தேன். பலவற்றிலிருந்து பொறுக்கியெடுப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததாம். எலெக்‌ஷன் என்ற சொல்லும் அதே வயிற்றில் பிறந்ததுதான். அது மட்டும் ஒவ்வொரு முறையும் ஓட்டுக் கேட்டு ஏணி ஏறி எங்களைத் தேடி வந்திருக்கிறது. பொறுக்கப்படாதவர்கள் என்ன ஆவார்கள் என்று அகராதியில் இல்லை.

கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனேன். இனி திருத்த முடியாது என்றார்கள். தனி அடுப்பு என்று சொல்லியிருந்தால் தூரத்து மான்குர்த் பக்கமாவது ஓர் அறை கிடைத்திருக்கும் என்றார் மேசையிலிருந்தவர். தன்மையாகத்தான் சொன்னார்.

வீட்டில் உம்மா ஏணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அன்னைக்கி ரெண்டு அடுப்புன்னு சொல்லியிருந்தா கெடச்சிருக்குமா?”

“இல்ல உம்மா. மாடிக்காரங்களுக்கு எப்பவுமே கெடையாதாம்.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்போ குடும்ப மானமாவது மிஞ்சிச்சு” என்று சொல்லிவிட்டு, எங்கள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.